பழைய ஸ்போர்ட்டி காருக்கு ஷாக்கும் ஸ்பிரிங்கும்: வில்லியனூர், பாகூர் சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியட் பாலியோ 1.6, மிட்சுபிஷி லான்சர், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல். இந்த வண்டிகளைப் புதிதாக வாங்கியவர்கள் மைலேஜ் கணக்கு பார்த்து வாங்கியவர்கள் இல்லை. ஓட்டும் சுகத்துக்காக வாங்கினார்கள். ஐகான் மறைமலைநகரில் பிறந்தது, லான்சர் திருவள்ளூரில். இன்று அவை இரண்டு மூன்று கை மாறி, நல்ல பைக் ஒன்றின் விலைக்கு நம் கிராமங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எஞ்சின் இன்னமும் பாய்கிறது. ஆனால் அடிப்பகுதி தளர்ந்து, வேகத்தடை ஏறி இறங்கினால் வண்டி இரண்டு முறை தலையாட்டுகிறது. வளைவில் பின்பக்கம் ஒதுங்குகிறது.

வாங்கிய இளைஞர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதுக்கு லோயரிங் ஸ்பிரிங் போடலாமா, கேஸ் ஷாக் போடலாமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கேட்பவர் இந்த வண்டியை நல்ல நிலையில் ஒருநாளும் ஓட்டியதில்லை. பதினைந்து இருபது வருடத் தேய்மானத்தையே அந்த காரின் குணம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷன் எப்படி இருந்தது என்று தெரியாமல் அதை மேம்படுத்துவது எப்படி? ஆகவே முதலில் மீட்டெடுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் வருகின்றன.

## படி 1: உங்கள் சாலை என்ன கேட்கிறது என்று பாருங்கள்

வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்கோ விழுப்புரத்துக்கோ தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் போய்வருபவருக்கு ஒரு விடை. ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் பக்கமாகப் பாகூர் போய்வருபவருக்கு வேறு விடை. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பத்து நிமிட ஓட்டத்தில் யூனியன் பிரதேசத்திலிருந்து கடலூர் மாவட்டத்துக்குள் போய் மறுபடி வெளியே வந்துவிடலாம். எல்லை மாறினால் தார் மாறும், வேகத்தடையின் வடிவமும் மாறும். ஏரிக்கரைச் சாலைகளில் ஓரம் சரிந்திருக்கும். கரும்பு டிராக்டர் ஓடிய தடத்தில் சாலை இரண்டு வரிப் பள்ளமாக அமுங்கியிருக்கும்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் டிசம்பர் தொடக்கத்தில் பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்தபின் சாலையில் என்ன மிஞ்சும் என்று இங்கே ஓட்டுபவர்களுக்குத் தெரியும்: நீர் தேங்கிய குழி, ஆழம் தெரியாத குழி.

வேகத்தடைக்கென்று ஒரு கணக்கு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வசதியாகக் கடக்க வேண்டும். ஊருக்குள் நாம் பார்ப்பது ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும் மேடு. 2005இல் வந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 170 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 130. நான்கு பேர் ஏறினால் பின்பக்கம் இன்னும் அமுங்கும். விதிப்படியான வேகத்தடையே 100 மி.மீ. என்றால், விதிக்கு அடங்காத ஊர் மேட்டில் சைலன்சர் தட்டாமல் போவது நடக்காத காரியம்.

வண்டியை இறக்குவது பற்றிய என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தினமும் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

## படி 2: கீழே என்னென்ன இருக்கிறது

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஷாக் இல்லாத ஸ்பிரிங் கோயில் ஊஞ்சலைப் போல, தானாக ஓயும்வரை ஆடிக்கொண்டே இருக்கும். இந்த வகை கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்: ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டில் இருக்கும். ஸ்விஃப்ட், ஐகான் போன்றவற்றில் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம்.

இவை தவிர, லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் பார், அதைப் பிடிக்கும் லிங்க் ராடு, ஸ்டியரிங் பக்கம் டை ராடு எண்ட், ஸ்ட்ரட்டின் உச்சியில் மவுண்ட்டும் பேரிங்கும். பழைய வண்டியில் ஓட்டும் சுகத்தை முதலில் கெடுப்பவை இந்தச் சின்னச் சாமான்கள்தான். எல்லோர் கண்ணும் ஷாக்கில் இருப்பதால் இவை தப்பிவிடுகின்றன.

## படி 3: பழுது எங்கே என்று நீங்களே தேடுங்கள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் கிடைத்தால் நல்லது, சமதளம் அவசியம்.

முதலில் உயரம். நான்கு டயரிலும் சரியான காற்று அடித்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அடிச்சுற்று உடைந்தும் இருக்கலாம். உடைந்த ஸ்பிரிங் வெளியே சட்டென்று தெரியாது. தட்டில் உட்காரும் கடைசிச் சுற்றில் சேறும் ஈரமும் தங்கித் துருவேறி, அங்கேதான் ஒடியும். டார்ச் அடித்து, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அடுத்து டயர். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, சுற்றுவாக்கில் மெதுவாகத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் துள்ளியிருக்கிறது. ஷாக் போயிருக்க வாய்ப்பு அதிகம். உள்விளிம்பு மட்டும் அல்லது வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட், புஷ், பால் ஜாயிண்ட் பக்கம் சந்தேகப்படுங்கள்.

பானட் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். அழுத்தி விட்டதும் எழுந்து நிற்க வேண்டும், மறுபடி ஆடக்கூடாது. ஆனால் முழுக்கச் செத்த ஷாக்கை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும். பாதி போன ஷாக் அதில் தேறிவிடும். ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லேசான ஈரப்பசை பெரிய குற்றமில்லை. சேறு அப்பியதுபோல் ஒட்டியிருந்தால் அந்த ஷாக் முடிந்தது.

பிறகு சத்தம். இதில்தான் புதியவர்கள் அதிகப் பணத்தை விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னக் குழியில் இறங்கும்போது "டக் டக்" என்று கேட்டு, இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடை ஏறும்போது அந்தச் சத்தம் குறைந்தால், லிங்க் ராடைப் பாருங்கள். ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்வது இரு சக்கரங்களும் வெவ்வேறாக அசையும்போது மட்டும்தான். ஒன்றாக ஏறி இறங்கும்போது அதற்கு வேலை இல்லை. இந்த ஒரு லிங்க் ராடுக்காக நான்கு ஷாக்கையும் மாற்றியவர்கள் உண்டு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று அதிர்ந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் போயிருக்கலாம். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்ட்ரட்டின் உச்சியில் கையை வைத்தால் அந்த உதறல் விரலில் தெரியும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள்; அங்கே ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட். இரண்டு வகையிலும் ஆடினால் சக்கர பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷில் கம்பியைக் கொடுத்து லேசாக நெம்பும்போது ரப்பர் வெடிப்பு விரிந்தால் அது மாற்ற வேண்டியது.

## படி 4: டயரையும் காற்றையும் முதலில் சரிசெய்யுங்கள்

ஏழெட்டு வருடமான, கெட்டிப்பட்ட டயரில் எந்த ஷாக்கும் தன் குணத்தைக் காட்டாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் வருடமும் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவே சரி; பங்க் பையன் எல்லா வண்டிக்கும் அடிக்கும் அளவு சரியல்ல.

அழகுக்காக 16 அங்குல அலாய் வீலும் பட்டை டயரும் போட்டிருந்தால், பழைய அளவுக்குத் திரும்புவது மலிவான சஸ்பென்ஷன் மேம்பாடு. டயரின் பக்கச்சுவரும் சஸ்பென்ஷனில் ஒரு பங்கு. குழியில் விழும்போது முதல் அடியை வாங்குவது அதுதான். அது குட்டையானால் அந்த அடி ரிம்முக்கும் பால் ஜாயிண்டுக்கும் போகிறது.

## படி 5: அப்படியே மாற்றுவதா, மேம்படுத்துவதா

கம்பெனித் தரத்திலேயே மாற்றுவது என்றால், அசல் சாமான், அல்லது கேப்ரியல், மன்ரோ போன்ற அறியப்பட்ட தயாரிப்பு. பழைய ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு ஷாக், மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் அடிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர்), தூசி உறை, லிங்க் ராடு, புஷ்கள் மட்டும் மாற்றுங்கள். ஒரு பக்க ஷாக்கை மட்டும் மாற்றாதீர்கள். முன் இரண்டும் சேர்த்து, அல்லது பின் இரண்டும் சேர்த்து. இத்தனை சாமானுக்கும் ஆகும் செலவைப் பார்த்து மலைப்பவர்களுக்கு: புஷ்ஷும் லிங்க் ராடும் மட்டும் மாற்றினாலே வண்டியின் இறுக்கம் பெருமளவு திரும்பிவிடும். அதை முதல் மாதம் செய்துவிட்டு ஷாக்கை அடுத்துச் செய்யலாம்.

மேம்படுத்துவதில் நம் சாலைக்கு ஒத்துவருவது ஒரே ஒரு வகை: கம்பெனி உயரம், கம்பெனி ஸ்பிரிங், ஆனால் கொஞ்சம் வலுவான கேஸ் ஷாக். ஸ்பிரிங் மேலெழும் வேகத்தை அது நன்றாகப் பிடித்து நிறுத்தும். வேகத்தடை தாண்டியதும் வண்டி ஒரே மூச்சில் அமரும்; நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்பைத் தாண்டும்போது மிதக்காது. சின்னக் குழிகளில் கொஞ்சம் கடினமாகத் தெரியும். வாரம் மூன்று நாள் சென்னைக்குப் போய்வருபவருக்கு இது பொருந்தும். பாகூர் சுற்றி மட்டும் ஓட்டுபவருக்குக் கம்பெனி ஷாக்கே சுகம்.

மென்மையாக இருந்தால் பிடி இருக்காது என்ற எண்ணம் பலருக்கு உண்டு; அது தவறு. பிரான்சில் 1948இல் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி, விவசாயிகளுக்காக வடிவமைக்கப்பட்ட கார். உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது என்பது அதன் வடிவமைப்பாளர்களுக்குத் தரப்பட்ட நிபந்தனையாகச் சொல்லப்படுகிறது. மென்மையான ஸ்பிரிங், நீண்ட அசைவு. வளைவில் பயமுறுத்தும் அளவு சாயும், ஆனால் சக்கரம் மண்ணை விடாது. கரடுமுரடான சாலையில் பிடி என்பது சக்கரம் தரையில் இருக்கும் நேரம்தான். கடின ஸ்பிரிங் பந்தயத் தளத்தில் வேகம் தரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குச் சரியான அமைப்பு, மங்கலம் சாலையின் குழியில் சக்கரத்தைக் காற்றில் தூக்கிவிடும்.

உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட் பற்றி ஒரே வரி: அதன் திருகு வளையத்தில் சேறும் கடல்காற்றின் உப்பும் ஏறி இறுகிவிடும், பராமரிக்க ஆளும் இங்கே அரிது.

ஐகான் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் அடித்தளம் ஐரோப்பிய ஃபியஸ்டாவினுடையது. ஆனால் கார் இந்தியாவுக்காக உருவானது. ஃபியஸ்டாவுக்கான ஷாக் அப்படியே பொருந்தும் என்று நம்பி வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். ஷாக்கின் மூடிய நீளம், விரிந்த நீளம், ஸ்பிரிங் தட்டின் உயரம் மூன்றையும் பழைய சாமானோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின், கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்விஃப்ட் உலகமெங்கும் விற்ற கார் என்பதால் அதற்கு இந்தத் தலைவலி குறைவு.

## படி 6: மலிவு வழிகள் இரண்டைத் தவிருங்கள்

முதலாவது, ஸ்பிரிங்கை வெட்டுவது. ஸ்பிரிங்கின் கடினம் அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் கூடுகிறது, ஷாக் பழையபடியே இருக்கிறது. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து, தட்டை விட்டு விலகவும் கூடும்.

இரண்டாவது, ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர். அடி தட்டுவதைத் தடுக்கும் என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் அது அந்த இடத்தில் ஸ்பிரிங்கை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடுகிறது. மிச்சச் சுற்றுகள் கூடுதலாக உழைத்துச் சோர்கின்றன. அடி தட்டினால் காரணம் தளர்ந்த ஸ்பிரிங், அல்லது நொறுங்கிப்போன பம்ப் ஸ்டாப். அதை மாற்றுங்கள்.

## படி 7: சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. தேய்ந்த ஷாக்கை அதே அளவுள்ள வேறு கம்பெனி ஷாக்கால் மாற்றுவது பழுதுபார்ப்பு. வண்டியின் உயரத்தை மாற்றுவது அப்படியல்ல. பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். நீங்கள் வாங்கிய வண்டி அந்தச் சோதனைக்குப் போகும் வயதில்தான் இருக்கும். எந்த மேம்பாடு செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

## படி 8: சாமான் வாங்குதல்

பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்; ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன் ஸ்பிரிங் வேறு, எஞ்சின் எடை வேறு என்பதால். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் விஷயத்தில் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. ஸ்டியரிங், லிங்கேஜ் சாமான் செய்யும் ரானே மெட்ராஸுக்கு நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரிப்பாக்கத்திலேயே ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட பெயருள்ள தயாரிப்பை பில்லோடு வாங்குங்கள்.

## படி 9: பொருத்தும் நாள்

முந்தின நாள் மாலையே எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். நம் பக்கத்து ஈரத்தில் போல்ட் முறிவதுதான் வேலையை இரண்டு நாளாக்கும்.

ஸ்ட்ரட்டைப் பிரிப்பதை நீங்களே முயலாதீர்கள். அமுக்கிவைத்த ஸ்பிரிங் கழன்று பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். கயிறோ செயினோ கட்டிப் பிரிப்பவரிடம் போகவேண்டாம். ஆனால் பக்கத்தில் நின்று நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஷாக்கின் பளபளப்பான தண்டை பிளேயரால் நேரடியாகப் பிடிக்கக்கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் சீல் சில மாதத்தில் கிழியும். இரட்டைக் குழல் ஷாக்கைப் பொருத்துமுன் நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை அமுக்கி இழுத்து உள்ளே இருக்கும் காற்றை விலக்க வேண்டும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக்கூடாது. கம்பியால் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, பெரும்பாலான பட்டறைகளில் தவறிப்போவது. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டையும் பின் பீம் புஷ் போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க இறுக்கக்கூடாது. அப்படி இறுக்கினால் சக்கரம் தொங்கிய நிலையிலேயே ரப்பர் பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே ஓடி, சில மாதத்தில் கிழியும். "டூப்ளிகேட் புஷ்" என்று கடைக்காரருக்குப் பழி வரும். வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். இதற்குப் பள்ளத்தொட்டியோ சாய்தளமோ உள்ள பட்டறை வேண்டும்.

## படி 10: பொருத்திய பிறகு

அன்றே வீல் அலைன்மெண்ட். அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த தாளும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் எங்கோ ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்து, களத்தில் எடுத்த உயர அளவுகளை மறுபடி எடுங்கள். வெள்ளநீரில் ஓட்ட நேர்ந்தால் மறுநாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, தூசி உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அமைப்பிலேயே ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை ஓட்டிக் கழியுங்கள். தை பிறந்த பிறகும் நெடுஞ்சாலையில் வண்டி மிதப்பதாகத் தோன்றினால், கேஸ் ஷாக்கைப் பின்பக்கத்துக்கு மட்டும் போடாமல் நான்குக்கும் சேர்த்து வாங்குங்கள். கழற்றிய கம்பெனி ஷாக்குகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, நிமிர்த்தி எடுத்துவையுங்கள். தகுதிச் சோதனை நாளிலோ விற்கும்போதோ தேவைப்படலாம்.